புதுப் பதிப்பு வந்தால் பழைய சரக்கு என்னாகும்? – ஓர் அமெரிக்க விளையாட்டு நூலின் ஐம்பது வருடக் கணக்கு

எழுதுபொருளும் பாடப் புத்தகமும் விற்கும் நமது உறுப்பினர்களுக்கு ஒன்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாடத்திட்டம் மாறிய வருடம், மார்ச் மாதம் வரை முழு விலை பெற்ற புத்தகம் ஜூன் மாதத்தில் எடைக்குப் போகிறது. கடைக்காரருக்கும் வருத்தம், மாணவனின் தகப்பனாருக்கும் வருத்தம். ஆனாலும் புதிய புத்தகத்தை வாங்காமல் இருக்க யாராலும் முடியாது. சர்க்கார் கட்டாயப்படுத்தாத ஒரு பொருளில் இப்படி நடந்தால் என்ன ஆகும்? தயாரிப்பாளரே தம் பழைய பதிப்பை நிறுத்திவிட்டுப் புதியதை அச்சிட்டால், வாடிக்கையாளர் அவர் பின்னால் வருவாரா? பழையதையே வைத்துக்கொண்டு போய்விடுவாரா? கடையில் நிற்கும் சரக்கு யார் தலையில் விழும்?

இந்தக் கேள்விகளுக்கு நாம் அறிந்த வரையில் மிகத் தெளிவான விடை கிடைக்கும் இடம் அமெரிக்காவின் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு. 1974 முதல் இன்று வரை பல பதிப்புகள் கண்ட பொருள். கல்லூரி விடுதியில் இதை ஆடக் கற்று வந்த நம் பேரன் மூன்று விடுமுறைக் காலங்களில் சலிக்காமல் விளக்கியதாலும், அந்தத் தொழிலைப் பற்றி வெளிவந்த நூல்களைப் படித்ததாலும், பேப்பர் மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடம் கழித்த நாம் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். கேரம் போர்டு போலப் பலகை கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை நடத்துபவர்; மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் வாள் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். “பாழடைந்த கோட்டையின் வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். அவரவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நம் தாயக்கட்டை போல நாலு பக்கம் அல்ல. 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள். எந்தச் செயலுக்கு எந்தப் பகடை, எத்தனை விழ வேண்டும் என்பதைச் சொல்வதுதான் விதி நூல். ஆகவே இந்த வியாபாரத்தில் விற்பது புத்தகம். பகடை துணைச் சரக்கு. ஒரு குழுவில் ஐந்து பேர் ஆடினாலும் ஒரே பதிப்பின் விதியில்தான் ஆட முடியும். பதிப்பு மாறினால் ஐந்து பேரும் சேர்ந்து மாற வேண்டும், அல்லது ஐந்து பேரும் சேர்ந்து மறுக்க வேண்டும். இந்த ஒரு சங்கதிதான் இந்த வியாபாரத்தின் எல்லா லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் வேர்.

விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்பது சிறிய ஊர். அங்கே வசித்தவர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த கேரி கைகாக்ஸ். பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவைச் சேர்ந்தவர் டேவ் ஆர்னசன். இருவரும் பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடும் பொழுதுபோக்கு உடையவர்கள். படைக்குப் பதிலாக ஒரே ஒரு ஆளை நடத்திப் பார்த்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்தது இது. பெரிய கம்பெனிகள் அச்சிட முன்வராததால், 1973-ல் கைகாக்ஸும் அவர் பால்ய நண்பர் டான் கேயும் ‘டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்’ என்ற பங்குத் தொழிலைத் தொடங்கினார்கள். பின்னாளில் டி.எஸ்.ஆர். என்று பெயர் பெற்றது இதுதான். கே தம் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் எடுத்து முதல் போட்டார். பிறகு பிரையன் ப்ளூம் என்பவர் 2,000 டாலர் போட்டுச் சேர்ந்தார்.

1974-ல் முதல் அச்சு 1,000 பிரதிகள். மரப்பலகை போன்ற தாள் ஒட்டிய அட்டைப் பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். விலை 10 டாலர். வீட்டில் உட்கார்ந்து கையாலேயே பெட்டி கட்டினார்கள். ஒரு வருடத்துக்குள் அத்தனையும் விற்றுப்போனது. இந்தப் பதிப்பை இன்று படிப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. சண்டை விதிக்கு அவர்களுடைய 1971-ஆம் வருடத்து ‘செயின்மெய்ல்’ என்ற வேறொரு நூலைப் பார்க்கச் சொல்லும். காட்டில் பயணம் செய்ய வேறொரு கம்பெனியின் விளையாட்டுப் பலகையை வாங்கச் சொல்லும். வீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்றே வகைப் பாத்திரங்கள். திருடன் 1975-ல் வந்த துணை நூலில்தான் வந்தான். விதியில் ஓட்டை இருந்த இடத்தை ஆடுகிறவர்களே தம் இஷ்டப்படி அடைத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஒரு விதி ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுதந்திரத்துக்காகவே இந்தப் பதிப்பை இன்றும் ஆடுவோர் இருக்கிறார்கள். மரத்தாள் பெட்டியின் பழைய பிரதிகள் ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன.

இன்னொரு சிக்கலும் வந்தது. டோல்கீன் எழுதிய கதைகளில் வரும் ‘ஹாபிட்’ என்ற குள்ளர்களின் பெயரை இவர்கள் அப்படியே போட்டிருந்தார்கள். உரிமைக்காரர்கள் ஆட்சேபிக்கவே, 1970-களின் பிற்பகுதி அச்சுகளில் அது ‘ஹாஃப்ளிங்’ ஆயிற்று. இன்று வரை அதே பெயர்தான்.

அடுத்து நடந்தது, ஒரே பெயரில் இரண்டு சரக்கு. 1977-ல் புதியவர்களுக்காக ‘பேசிக்’ என்ற பெட்டி வந்தது. அதே வருடம் ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியுடன் கெட்டி அட்டை நூல் வரிசையும் தொடங்கியது. அரக்கர் நூல் 1977, ஆடுவோர் கையேடு 1978, நடத்துவோர் கையேடு 1979. மூன்றும் வர மூன்று வருடம். இன்று ‘முதல் பதிப்பு’ என்று கடைகளில் சொல்வது இந்த அட்வான்ஸ்டு வரிசையைத்தானே தவிர, 1974-ஆம் வருடத்துப் பெட்டியை அல்ல. பழைய நூல் வாங்கி விற்பவர்கள் இந்த இடத்தில் ஏமாறக் கூடாது.

ஏன் இரண்டு வரிசை? ஒன்று பையன்களுக்கு, மற்றொன்று தேர்ந்தவர்களுக்கு என்பது கம்பெனி சொன்ன காரணம். ஆர்னசனுக்குத் தர வேண்டிய உரிமைத் தொகையும் இதில் கலந்திருந்தது. அட்வான்ஸ்டு வேறு பொருள், அதற்கு அவருக்குத் தொகை இல்லை என்றது கம்பெனி. அவர் 1979-ல் வழக்குப் போட்டார். 1981-ல் சமரசம் ஆயிற்று. பேசிக் பெட்டி 1981-லும் 1983-லும் திருத்தி வெளியிடப்பட்டது. 1983-ஆம் வருடத்துச் சிவப்புப் பெட்டி, தன்னந்தனியாக உட்கார்ந்து படிக்கிற பையனுக்கும் கைபிடித்துக் கற்றுக் கொடுத்தது. நமது அபிப்பிராயத்தில் இந்த ஐம்பது வருடத்தில் வந்தவற்றில் கடைக்காரருக்கு மிகவும் உகந்த சரக்கு அதுதான். வாங்குகிறவர் கேள்வி கேட்க மாட்டார். பெட்டிக்குள் எல்லாம் இருக்கும்.

எல்லாம் இருக்கும் என்பதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1979-ஐ ஒட்டிப் பழைய பேசிக் பெட்டிக்குத் தேவை கூடி, பகடை கிடைக்காமல் போயிற்று. கம்பெனி விற்பனையை நிறுத்தவில்லை. எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு, ஒரு கோப்பைக்குள் குலுக்கி எடுத்துக்கொள்ளச் சொல்லி, பின்னால் பகடை வாங்கிக்கொள்ள ஒரு கூப்பனும் வைத்து அனுப்பினார்கள். சரக்கு இல்லை என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பாத அந்தச் சாமர்த்தியத்தை நாம் ரசிக்கிறோம்.

அட்வான்ஸ்டு முதல் பதிப்பில் நம்மவர்களுக்குப் பிடிக்கும் விதி ஒன்று உண்டு. கோட்டைக்குள் போய்க் கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசும் ஒரு அனுபவப் புள்ளி. அரக்கனைக் கொன்று கிடைப்பதைவிட, கொல்லாமல் அவன் பெட்டியைத் தூக்கி வருவதில் கிடைப்பது அதிகம். ஆகவே அந்தக் காலத்து ஆட்டத்தில் சண்டையைத் தவிர்ப்பவனே கெட்டிக்காரன். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு இதை விருப்ப விதியாகத் தள்ளிவிட்டது. ஆட்டத்தின் குணமே மாறிற்று. கதையும் வீரமும் முன்னுக்கு வந்தன. பெற்றோர் கண்டனத்துக்குப் பயந்து பேய், பிசாசு என்ற சொற்களையும், கூலிக்குக் கொலை செய்யும் பாத்திரத்தையும் அந்தப் பதிப்பு எடுத்துவிட்டது.

கணக்கு விஷயத்தில் முதல் இரண்டு பதிப்புகளும் கிட்டத்தட்ட ஒன்றே. அதில் ஒரு தலைகீழ்க் கணக்கு இருக்கிறது. எதிரியின் கவசம் நல்லதாக ஆக ஆக அவனுடைய கவச எண் குறையும். தகட்டுக் கவசமும் கேடயமும் உடையவன் எண் 2. தொடக்க நிலை வீரனுக்கு அடிப்படை எண் 20. இருபதில் இரண்டைக் கழித்தால் 18. இருபது முகப் பகடையில் 18 அல்லது மேலே விழுந்தால் அடி பட்டது. கவச எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் கழித்தல் கூட்டலாகிவிடும். பேரேட்டில் பற்றும் வரவும் பார்த்துப் பழகிய நமக்கு இது சாதாரணம். பள்ளிக்கூடப் பையனுக்குச் சிரமம். மேலும் ஒவ்வொரு தொழிலுக்கும் தனி அட்டவணை. முதல் பதிப்பில் இரண்டாம் நிலைக்குப் போகத் திருடனுக்கு 1,251 புள்ளி போதும், வீரனுக்கு 2,001, மந்திரவாதிக்கு 2,501. இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்ததால், முதல் பதிப்புச் சரக்கு வைத்திருந்த கடைக்காரருக்கு 1989-ல் பெரிய அடி விழவில்லை. பழைய கதை நூல்களைப் புதிய விதியிலும் ஆட முடிந்தது.

அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. கைகாக்ஸ் 1985-ல் நிர்வாகத்தை இழந்து வெளியேறினார். லொரைன் வில்லியம்ஸ் என்ற அம்மையார் கம்பெனியை நடத்தினார். இரண்டாம் பதிப்புக் காலத்தில் ஒரே விதிக்குப் பல உலகங்களைப் படைத்து விற்றார்கள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், டிராகன்லான்ஸ் இவற்றோடு 1989-ல் ஸ்பெல்ஜாமர், 1990-ல் ரேவன்லாஃப்ட், 1991-ல் டார்க் சன், 1992-ல் அல்-காதிம், 1994-ல் பிளேன்ஸ்கேப், 1995-ல் பர்த்ரைட். ஒவ்வொன்றும் அழகான பெட்டி, வரைபடம், துணை நூல்கள். ஒரு உலகத்தில் ஆடுகிறவன் இன்னொரு உலகத்தின் பெட்டியை வாங்க மாட்டான். நூறு பேர் வாங்கிய இடத்தில் ஆறு வகைச் சரக்கை வைத்து வகைக்குப் பதினைந்து பேரைப் பிடித்த கதைதான். அச்சுச் செலவோ ஒவ்வொன்றுக்கும் முழுச் செலவு. சில பெட்டிகள் அடக்க விலைக்கும் கீழே விற்கப்பட்டதாகப் பின்னாளில் கணக்கைப் புரட்டியவர்கள் சொன்னார்கள். மொத்த வியாபாரம் செய்யும் எவரும் இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

இதைவிடப் பெரியது பணப் புழக்கத்தில் இருந்த கோளாறு. புத்தகக் கடைகளுக்கு டி.எஸ்.ஆர். சரக்கை விநியோகித்தது ராண்டம் ஹவுஸ் என்ற பெரிய பதிப்பகம். சரக்கு அவர்கள் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தவுடன், விற்றதா இல்லையா என்று பாராமல், ஒரு பங்கு பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவது ஒப்பந்தம். கேட்பதற்கு இனிப்பான ஏற்பாடு. கையில் பணம் இல்லாத மாதம் ஒரு புத்தகத்தை அச்சடித்து அனுப்பினால் பணம் வந்துவிடும். ஆனால் அது விற்பனைப் பணம் அல்ல, கடன். விற்காத பிரதிகள் திரும்பி வரும் நாளில் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 1993-ல் ‘மேஜிக்’ என்ற சீட்டு விளையாட்டு வந்து பையன்களின் சட்டைப்பைப் பணத்தை இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்து டி.எஸ்.ஆர். 1995-ல் ‘டிராகன் டைஸ்’ என்று பகடை விளையாட்டு ஒன்றை இறக்கி ஏராளமாக உற்பத்தி செய்தது. 1996-ல் அதுவும் கதைப் புத்தகங்களும் பெருமளவில் திரும்பி வந்தன. அச்சகத்தார் பழைய பாக்கி தீராமல் இயந்திரத்தை ஓட்ட மறுத்தார்கள். கடன் 3 கோடி டாலரைத் தாண்டிற்று. 1997-ல், மேஜிக் சீட்டைத் தயாரித்த ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ கம்பெனியே டி.எஸ்.ஆரை வாங்கிக்கொண்டது. 1999-ல் அந்தக் கம்பெனியை ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி சுமார் 32.5 கோடி டாலருக்கு வாங்கியது. பென் ரிக்ஸ் என்பவர் 2022-ல் வெளியிட்ட நூலில் இந்த ஒப்பந்த விவரம் விரிவாக இருக்கிறது. ஆங்கிலம் படிக்கும் இளைய வணிகர்கள் விளையாட்டில் நாட்டம் இல்லாவிட்டாலும் அதைப் படிக்கலாம்.

மூன்றாம் பதிப்பு 2000 ஆகஸ்டில் வந்தது. தலைகீழ்க் கணக்கை நிமிர்த்தி வைத்தது இதன் பெரிய காரியம். இருபது முகப் பகடையை உருட்டு, உன் திறமை எண்ணைக் கூட்டு, குறித்த எண்ணைத் தொட்டால் வெற்றி. வாள் வீசுவது, பூட்டைத் திறப்பது, சுவர் ஏறுவது எல்லாவற்றுக்கும் இதே ஒரு கணக்கு. அதே தகட்டுக் கவசமும் கேடயமும் இப்போது எண் 20. பலம் 16 உடைய தொடக்க வீரன் பகடையோடு 4 கூட்டிக்கொள்வான். 16 விழுந்தால் போதும். எல்லாத் தொழிலுக்கும் இரண்டாம் நிலைக்கு 1,000 புள்ளி என்று ஒரே அட்டவணை. பழைய பெயர்களும் பேய் பிசாசும் திரும்பி வந்தன. ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழி போயிற்று. ஒரு நூல் 19.95 டாலர் என்று விலையையும் மலிவாக வைத்தார்கள்.

இதோடு வந்தது ஒரு துணிச்சலான காரியம். விதியின் எலும்புக்கூட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தம் நூலில் அச்சிட்டு விற்கலாம் என்று ஒரு திறந்த உரிமத்தைக் கம்பெனி வெளியிட்டது. அதன் கணக்கு இது. சின்னக் கம்பெனிகள் கதை நூல் அச்சிடட்டும். அதை வாங்குகிறவன் மூல விதி நூலுக்கு நம்மிடம்தான் வர வேண்டும். சில வருடம் அப்படியே நடந்தது. நூற்றுக்கணக்கில் புதுப் பதிப்பாளர்கள் முளைத்தார்கள். கடைக்காரர்கள் தரம் பாராமல் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினார்கள். 2003 ஜூலையில் கம்பெனி ‘3.5’ என்று ஒரு அரைப் பதிப்பை வெளியிட்டது. விலையும் 29.95 டாலர் ஆயிற்று. மாற்றங்கள் சிறியவை. ஆனால் அட்டையில் 3.5 என்று இல்லாத நூல் ஒரே மாதத்தில் பழைய சரக்கு ஆகிவிட்டது. மற்றவர்கள் அச்சிட்ட நூல்கள் கடைகளில் தேங்கின. பல சிறு பதிப்பாளர்கள் தொழிலை விட்டார்கள். முழுப் பதிப்பு மாறினால் கடைக்காரர் முன்கூட்டியே உஷாராகிவிடுவார். அரைப் பதிப்புதான் ஆளைக் கவிழ்ப்பது என்பது நம் கருத்து.

திறந்த உரிமத்தின் மறுபக்கம் ஐந்து வருடம் கழித்துத் தெரிந்தது. 2008 ஜூனில் நான்காம் பதிப்பு வந்தது. இது நன்கு யோசித்துச் செய்த பொருள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பழைய பதிப்புகளில் தொடக்க நிலை மந்திரவாதி ஒரு நாளைக்கு ஒரு மந்திரம் சொல்லிவிட்டுப் பிறகு கவண்கல் எறிந்துகொண்டு நிற்பான். உயர் நிலைக்குப் போனால் அவன் ஒருவனே எல்லாம் செய்து மற்றவர்களை வேடிக்கை பார்க்க வைப்பான். நான்காம் பதிப்பு இதைச் சமன் செய்தது. எல்லாப் பாத்திரங்களுக்கும் எப்போதும் பயன்படுத்தும் திறன், ஒரு சண்டைக்கு ஒரு முறை பயன்படுத்தும் திறன், நாளைக்கு ஒரு முறை பயன்படுத்தும் திறன் என்று ஒரே மாதிரி பங்கீடு. நடத்துபவருக்கும் தயாரிப்பு வேலை குறைந்தது. ஆனால் சண்டைக்குக் கட்டம் போட்ட தாளும் பொம்மைகளும் வேண்டும்; ஒரு சண்டை முடிய ஒரு மணி நேரமும் ஆகும். பழைய வாடிக்கையாளர் பலருக்கு, எல்லாப் பாத்திரமும் ஒரே அச்சில் வார்த்தது போலவும், கம்ப்யூட்டர் விளையாட்டைத் தாளில் ஆடுவது போலவும் தோன்றிற்று. அவர்கள் வீட்டில் இருந்த 3.5 நூல்களை இதனோடு சேர்த்து ஆடவும் முடியாது.

இங்கேதான் பைசோ என்ற கம்பெனி வருகிறது. 2002 முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மாத இதழ்களை ஒப்பந்தத்தில் நடத்தி வந்தவர்கள். 2007-ல் அந்த ஒப்பந்தத்தைத் தாய்க் கம்பெனி நீட்டிக்கவில்லை. புதிய பதிப்புக்கான உரிமமோ பழையதைப் போலத் தாராளமாக இல்லை. பைசோ என்ன செய்தது? 2000-ஆம் வருடத்துத் திறந்த உரிமம் இன்னும் செல்லுபடியாகிறதே என்று, 3.5 விதியையே செப்பனிட்டு, ‘பாத்ஃபைண்டர்’ என்ற பெயரில் 2009 ஆகஸ்டில் 576 பக்கம் கொண்ட ஒரே நூலாக வெளியிட்டது. தாய்க் கம்பெனி கைவிட்ட வாடிக்கையாளர் கூட்டம் அப்படியே அங்கே போய் நின்றது. 2011-ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்க விளையாட்டுக் கடைகளின் விற்பனை வரிசையில் பாத்ஃபைண்டர் முதலிடத்துக்கே வந்துவிட்டது. நம் கடைச் சிப்பந்தி பக்கத்துத் தெருவில் நம் பழைய போர்டை மாட்டிக் கடை திறந்தது போன்ற விஷயம். ஆனால் போர்டைக் கொடுத்தவர்கள் நாமே என்பதால் வழக்குப் போட வழியில்லை.

ஐந்தாம் பதிப்பு இந்த அனுபவத்தின் பலன். 2012 ஜனவரியிலேயே அறிவித்து, வரைவு விதியை இரண்டு வருடம் பொதுமக்களிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்லி, கருத்துக் கேட்டு, 2014-ல் வெளியிட்டார்கள். ஜூலையில் 19.99 டாலருக்குத் தொடக்கப் பெட்டி. ஆகஸ்டில் ஆடுவோர் கையேடு, செப்டம்பரில் அரக்கர் நூல், டிசம்பரில் நடத்துவோர் கையேடு, ஒவ்வொன்றும் 49.95 டாலர். அடிப்படை விதியை இலவசமாகவும் கொடுத்தார்கள். மூன்றாம் பதிப்பின் ஒரே கணக்கு, நான்காம் பதிப்பின் ஓயாத மந்திரம், பழைய பதிப்புகளின் எளிமை எல்லாவற்றையும் கலந்த பொருள் இது. மூன்றாம் பதிப்பில் பகடையோடு கூட்ட வேண்டிய எண்கள் நிலை ஏற ஏறப் பெருகி, காகிதமும் பென்சிலும் இல்லாமல் ஆட முடியாது. ஐந்தாம் பதிப்பில் பயிற்சிக்கான கூட்டல் 2-ல் தொடங்கி இருபதாம் நிலையில் 6-ல் நின்றுவிடும். நம் பழைய வீரன் அதே கவசக்காரனை அடிக்க இங்கே 15 போதும். சாதகமான நிலையில் இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள், பாதகமானால் சிறியதை எடுத்துக்கொள், அவ்வளவுதான்.

விற்பனை நாலாபுறமும் பரவியது. 2015 முதல் சில நடிகர்கள் தாங்கள் ஆடுவதை இன்டர்நெட்டில் காட்டியதும், 2016-ல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் பையன்கள் இதை ஆடியதும் பெரிய விளம்பரம் ஆயின. நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இந்த வழியாகத்தான் இது வந்து சேர்ந்தது.

நல்ல வியாபாரத்தின் நடுவிலும் கை அரிப்பு விடவில்லை. 2023 ஜனவரியில், 2000-ஆம் வருடத்துத் திறந்த உரிமத்தை ரத்து செய்து, அதிகம் விற்பவர்களிடம் பங்கு கேட்கும் புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. சிறு பதிப்பாளர்களும் ஆடுவோரும் கொதித்தெழுந்தார்கள். கம்பெனியின் கம்ப்யூட்டர் சேவைச் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கம்பெனி பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதியை இனித் திரும்பப் பெற முடியாத பொது உரிமத்தில் போட்டுவிட்டது. இருபது வருடத்துக்கு முன் கொடுத்த வாக்கை நம்பி முதல் போட்ட சிறு தொழிலாளர்களின் பக்கம்தான் நம் மனம் நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் சேவையை ஹாஸ்ப்ரோ 2022-ல் 14.63 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நூலைக் கடைக்கு அனுப்பாமல் நேரே வாடிக்கையாளரின் திரையில் விற்கும் வழி அது. சில்லறைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய போட்டி இது. பதிலுக்குக் கடைகளுக்கும் ஒரு சலுகை கொடுத்தார்கள். ஐம்பதாம் ஆண்டான 2024-ல் திருத்திய கையேடு வந்தபோது, பொது விற்பனை செப்டம்பர் 17. பட்டியலில் உள்ள விளையாட்டுக் கடைகளுக்குச் செப்டம்பர் 3. இரண்டு வாரம் முன்னால் கிடைத்த அந்த அவகாசம் தள்ளுபடியைவிடப் பெரியது.

இந்த 2024 நூலை ஆறாம் பதிப்பு என்று கம்பெனி சொல்வதில்லை. ஆயுதங்களுக்குத் தனித் திறன்கள், பிறப்புக்குப் பதிலாகப் பாத்திரத்தின் பின்னணியைப் பொறுத்துத் திறமைக் கூடுதல் என்று மாற்றங்கள் இருக்கின்றன. 2014 முதல் வந்த கதை நூல்களை இதோடு ஆடலாம். ஆனால் ஒரே மேசையில் ஒருவர் பழைய கையேடும் மற்றவர் புதிய கையேடும் வைத்திருந்தால் தகராறு வரும். நாம் மேலே சொன்ன அரைப் பதிப்பு ஆபத்து இதில் இருக்கிறது.

ஆகவே இறக்குமதி நூல் வைத்து விற்கும் உறுப்பினர்கள், பழையதும் புதியதும் ஒரே பெயரில் இருப்பதால், கொள்முதலின்போது உள்பக்கத்தில் அச்சான வருடத்தைப் பார்த்து வாங்கவும். ஆடுவோர் கையேடு 2014-ல் 320 பக்கம், 2024-ல் 384 பக்கம். நடத்துவோர் கையேடும் அப்படியே. அரக்கர் நூல் பழையது 352 பக்கம். 2025 பிப்ரவரியில் வந்த புதியது 384. பழைய கதை நூல்கள் கையிருப்பில் இருந்தால் அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டாம். பழைய ஆடுவோர் கையேட்டை மட்டும் சீக்கிரம் கழித்துவிடுவது நல்லது. வாங்க வருகிறவர் ஒரு குழுவில் சேரப் போகிறவர் என்றால், அந்தக் குழு எந்த வருட நூலை வைத்து ஆடுகிறது என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் என்றால், 2025 செப்டம்பரில் புதிய விதிக்கென்று ஒரு தொடக்கப் பெட்டி வந்திருக்கிறது. பகடை உள்ளேயே இருக்கும்.